எண்ணும் எழுத்தும்: ஒரு விண்வெளித் தொடர் நின்ற கதை

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு இரு கண்கள் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இரு கண்களும் சேர்ந்து ஒரு பொருளையே பார்க்க வேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. ஆனால் எண் ஒன்றைச் சொல்ல, எழுத்து அதற்கு மாறாக வேறொன்றைச் சொன்னால், நாம் எதை நம்புவது?

இக்கேள்வி வெறும் தத்துவக் கேள்வியன்று. அமெரிக்க நாட்டில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பாகி, பின்னர் நிறுத்தப்பட்ட ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் வரலாறு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. தொடரைப் பார்ப்பவர் போதவில்லை என்று எண் சொன்னது. இதை விட்டுவிடாதீர்கள் என்று லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் சொல்லின. புள்ளியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்கு எண்ணின்மேல் பற்று அதிகம். ஆகவே, எண்ணின் பக்கம் நின்றே இதை ஆராயத் தொடங்கினேன். எங்கே வந்து சேர்ந்தேன் என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

கற்பனைக் கப்பல்

இத்தொடரைப் படைத்தவர் ஜீன் ராடன்பெரி. 23ஆம் நூற்றாண்டில் ‘எண்டர்பிரைஸ்’ என்னும் விண்கலம் அறியாத உலகங்களைத் தேடிச் செல்கிறது. அதன் தலைவர் கேப்டன் கிர்க். அவருக்குத் துணையாக, உணர்ச்சிக்கு இடங்கொடாமல் தருக்க முறையிலேயே சிந்திக்கும் கூர்ங்காதுகள் கொண்ட ஸ்பாக், எதற்கும் உணர்ச்சிவசப்படும் மருத்துவர் மெக்காய் ஆகியோர் இருக்கின்றனர். கலத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி உஹுரா ஒரு கறுப்பினப் பெண். கலத்தைச் செலுத்தும் சுலு ஆசிய இனத்தவர். இரண்டாம் ஆண்டில் வந்து சேரும் செக்காவ் ஒரு ரஷ்யர். அமெரிக்காவில் நிறவேற்றுமைப் போராட்டமும், ரஷ்யாவோடு பனிப்போரும் நடந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு கப்பலைக் கற்பனை செய்வதற்கே துணிவு வேண்டும் அல்லவா?

தொடரை ஒளிபரப்பிய என்.பி.சி. நிறுவனத்துக்கு இதன்மீது தொடக்கம் முதலே ஐயம் இருந்தது. முன்னோட்டமாக எடுக்கப்பட்ட முதற்படம், பார்ப்பவரின் மூளைக்கு மிகையான வேலை கொடுக்கிறது என்று மறுக்கப்பட்டது. எனினும், வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது முன்னோட்டப் படம் எடுக்க வாய்ப்பளித்தனர். அது ஏற்கப்பட்டு, 1966 செப்டம்பர் 8 அன்று தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஸ்பாக்கின் காதுகளைக் கண்டு மக்கள் சாத்தானை நினைத்து முகம் சுளிப்பார்களோ என்று அஞ்சி, விளம்பரக் கையேட்டில் அக்காதுகளின் கூர்மையை வண்ணம் பூசி மறைத்தும் விட்டனர்! ஆனால், தொடர் வெளிவந்த பின்னர் நேயர்களின் கடிதங்கள் குவிந்தது அந்தக் கூர்ங்காதுக்காரருக்குத்தான். மக்களின் விருப்பத்தை மக்களைக் கேளாமலே ஊகித்தவர்கள் தோற்ற முதல் நிகழ்ச்சி இது.

எண் எப்படிப் பிறக்கிறது?

அமெரிக்காவில் தொலைக்காட்சி என்பது வணிகம். அன்று நிகழ்ச்சியைப் பார்க்க நேயர் காசு கொடுக்கவில்லை. இடையிடையே வரும் விளம்பரங்களுக்கு வணிக நிறுவனங்கள் காசு கொடுக்கின்றன. எத்தனை பேர் பார்க்கின்றனரோ அதற்கேற்ப விளம்பரத்தின் விலை. ஆகவே, நேயர்களின் தலையை எண்ணிச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அந்தப் பணியைச் செய்தது நீல்சன் என்னும் நிறுவனம்.

அக்காலத்தில் அமெரிக்காவில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் ஐந்தரைக் கோடிக்கும் மேல். எல்லா வீட்டுக் கதவையும் தட்ட முடியுமா? முடியாது. எனவே, சுமார் 1,200 வீடுகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, அவ்வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளோடு ஒரு கருவியை இணைத்தனர். பெட்டி எந்நேரத்தில், எந்த நிலையத்துக்குத் திருப்பப்பட்டிருக்கிறது என்பதை அக்கருவி ஒரு படச்சுருளில் பதிவு செய்யும். அச்சுருளை அஞ்சலில் அனுப்பி வைப்பார்கள். இதிலிருந்து கணக்கிடப்படுவதே ‘ரேட்டிங்’ என்னும் விழுக்காடு.

ஐந்தரைக் கோடிக்கு 1,200 வீடுகள் போதுமா என்று கேட்கலாம். ஒரு வீடு ஏறத்தாழ 46,000 வீடுகளுக்காகப் பேசுகிறது என்றால் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவார்கள். பானை பெரிதா சிறிதா என்பது பொருட்டன்று. நன்றாகக் கிளறிவிட்டு எடுத்தோமா என்பதே முக்கியம். மாதிரிக் கணிப்பின் அடிப்படையும் இதுவே.

எனினும் ஒரு பிழை இதில் எப்போதும் உண்டு. 1,200 வீடுகளில் 20 விழுக்காடு ஒரு நிகழ்ச்சியைப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். 0.20ஐ 0.80ஆல் பெருக்கி, 1,200ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் திட்டப் பிழை சுமார் 1.15 விழுக்காடு. இதை இரட்டித்தால் 2.3. அதாவது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை உண்மை மதிப்பு 17.7க்கும் 22.3க்கும் இடையில் எங்கோ இருக்கும் என்றுதான் சொல்ல முடியும். ஒரு தொடர் தேறியதா தோற்றதா என்பதை ஓரிரு புள்ளி வேறுபாட்டைக் கொண்டு முடிவு செய்தால், அம்முடிவு இந்தப் பிழையின் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடலாம். எண் பொய் சொல்வதில்லை. ஆனால், தனக்குத் தெரிந்ததைவிட மிகுதியாகத் தெரிந்ததுபோல் எண்ணைப் பேச வைப்பவர்கள் உண்டு.

எழுத்து எப்படிப் பிறந்தது?

ஸ்டார் டிரெக்கின் எண்கள் சுமாராகவே இருந்தன. முதலாண்டிலேயே தொடர் நிற்கக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. 1966 டிசம்பரில் எழுத்தாளர் ஹார்லன் எல்லிசன், பிராங்க் ஹெர்பர்ட், தியடோர் ஸ்டர்ஜன் போன்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர்களைச் சேர்த்துக்கொண்டு, இத்தொடரைக் காக்கக் கடிதம் எழுதுங்கள் என்று ஒரு வேண்டுகோள் விடுத்தார்.

இரண்டாம் ஆண்டில், அதாவது 1967ஆம் ஆண்டின் இறுதியில், பேச்சு மீண்டும் வலுத்தது. அப்போது கலிபோர்னியாவைச் சேர்ந்த பீஜோ டிரிம்பிள் என்னும் பெண்மணியும் அவர் கணவர் ஜானும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். அறிவியல் புனைகதை வாசகர்களின் முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொருவரும் தாம் எழுதுவதோடு மேலும் பத்துப் பேரை எழுதச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டனர். ஒன்று பத்தாகிப் பத்து நூறாகும் பெருக்கல் கணக்கு இது. அச்சடித்த படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பாதீர்கள்; உங்கள் கருத்தை உங்கள் சொற்களிலேயே, பண்போடு எழுதுங்கள் என்பது அவர்களின் அறிவுரை. ஆயிரம் பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டால் அது ஒரு காகிதம். ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக எழுதினால் அவை ஆயிரம் மனிதர்கள். இந்த நுட்பத்தை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

1968 ஜனவரியில் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் சுமார் 200 பேர் கையில் தீப்பந்தம் ஏந்தி, பர்பாங்கிலுள்ள என்.பி.சி. நிலையத்துக்கு ஊர்வலம் சென்றனர். நம்மைப் போன்ற மாணவர்கள்தாம்! வந்து சேர்ந்த கடிதங்கள் ஏறத்தாழ 1,16,000 என்று நிறுவனத்தின் கணக்காகச் சொல்லப்படுகிறது. ரசிகர்களோ பத்து லட்சம் என்பார்கள். பின்னாளில் எழுதியவர்களில் சிலர் மிகக் குறைத்தும் மதிப்பிட்டுள்ளனர். ஆக, எழுத்தையும் கடைசியில் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கையிலும் ஒற்றுமை இல்லை.

1968 மார்ச் 1 அன்று, அன்றைய பகுதி முடிந்தவுடன், தொடர் அடுத்த ஆண்டும் வரும் என்று என்.பி.சி. ஒளிபரப்பிலேயே அறிவித்தது. இனியாவது கடிதங்கள் நிற்கும் என்று நிறுவனம் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால், நன்றி தெரிவித்து மற்றுமோர் அலை கடிதங்கள் வந்து குவிந்தனவாம்.

வென்றும் தோற்ற கதை

கதை இங்கே முடிந்திருந்தால் எழுத்து வென்றது என்று மகிழ்ச்சியோடு முடித்துவிடலாம். நடந்தது வேறு.

மூன்றாம் ஆண்டில் திங்கட்கிழமை முன்னிரவில் நேரம் தருவதாக முதலில் பேச்சு இருந்தது. பின்னர் அது மாறி, வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடர் தள்ளப்பட்டது. இத்தொடரை விரும்பிப் பார்த்தவர்கள் இளைஞர்கள். வெள்ளி இரவு பத்து மணிக்கு இளைஞர்கள் வீட்டில் இருப்பார்களா? சிறுவர்கள்தாம் விழித்திருப்பார்களா? ராடன்பெரி மனம் கசந்து அன்றாடத் தயாரிப்புப் பொறுப்பிலிருந்து விலகி நின்றார். முதலாண்டில் ஒரு பகுதிக்குச் சுமார் 1,90,000 டாலர் என்றிருந்த செலவு சுமார் 1,78,000 டாலராகக் குறைக்கப்பட்டது. ஒரு புறம் விலைவாசி ஏற, மறுபுறம் தொகை இறங்கினால் அந்த வேற்றுமை திரையில் தெரியாமல் போகுமா?

1969 ஜூன் 3 அன்று கடைசிப் பகுதி ஒளிபரப்பாயிற்று. மொத்தம் 79 பகுதிகள். அதன் பின்னர் 47ஆம் நாள், ஜூலை 20இல், மனிதன் உண்மையாகவே நிலவில் இறங்கினான். விண்வெளிக் கனவு நனவாகும் வேளையில் அக்கனவைச் சொல்லிவந்த தொடர் வீட்டுப் பெட்டிகளிலிருந்து விடைபெற்றிருந்தது. காலம் செய்யும் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

நேயர்கள் சொன்னவை

இத்தொடரைப் பற்றி நேயர்கள் எல்லாரும் ஒரே கருத்துக் கொண்டிருந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, அறிவியல் நோக்கில் எழுந்த விமர்சனம். புகழ்பெற்ற எழுத்தாளரும் உயிர்வேதியியல் பேராசிரியருமான ஐசக் அசிமோவ், தொடர் தொடங்கிய சில வாரங்களிலேயே, தொலைக்காட்சித் தொடர்களின் வானியல் பிழைகளைக் கேலி செய்து ‘டி.வி. கைடு’ இதழில் எழுதினார். ஸ்டார் டிரெக்கும் அதில் தப்பவில்லை. ஆனால், தொடர்ந்து பார்த்தபின் அவரே இத்தொடரின் நண்பரானார். பிழையைச் சுட்டவும், பின்னர் பாராட்டவும் ஒரே மனிதரால் முடிந்தது. நல்ல நேயருக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இரண்டாவது, தன்னை அத்திரையில் கண்டவர்களின் கருத்து. உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதலாண்டு முடிவில் விலகிவிட எண்ணியிருந்தார். அச்சமயம் ஒரு விழாவில் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்துத் தாம் இத்தொடரின் ரசிகர் என்று சொன்னதோடு, விலக வேண்டாம் என்றும் வற்புறுத்தினார். இதை நிக்கல்ஸ் பிற்காலத்தில் பலமுறை நினைவு கூர்ந்துள்ளார். பணிப்பெண்ணாக அல்லாமல் அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண் திரையில் அமர்ந்திருப்பது எத்தனை மக்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1992இல் விண்வெளி சென்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்மணியான மே ஜெமிசன், இளமையில் உஹுராவைக் கண்டு ஊக்கம் பெற்றவர். நீல்சன் கருவியின் படச்சுருளில் இவர்கள் எல்லாம் ஒரு கோட்டளவுகூட இல்லை.

மூன்றாவது, ஏமாற்றம் அடைந்தவர்களின் கருத்து. மூன்றாம் ஆண்டின் முதற்பகுதியில் ஸ்பாக்கின் மூளையையே திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள்! தொடரின் மிகப் பலவீனமான பகுதிகளில் ஒன்று என்று இதை ரசிகர்களே இன்றளவும் சொல்லிச் சிரிக்கின்றனர். கடைசிப் பகுதியில், விண்கலத் தலைமை பெண்களுக்குக் கிட்டாத உலகம் அது என்று பொருள்படும் ஒரு பேச்சு வருகிறது. உஹுராவை உயர்த்திய தொடரே இப்படிப் பேசலாமா என்று பலர் வருந்தியிருக்கின்றனர். அன்புடையவரின் கண்டனத்துக்கு அயலாரின் கண்டனத்தைவிடக் கூர்மை அதிகம்.

நான்காவது, நிறுத்தியதே நல்லது என்போரின் கருத்து. தரம் தாழ்ந்துவந்த தொடர் மேலும் இரண்டாண்டு இழுத்திருந்தால் அதன் மதிப்பே கெட்டிருக்கும் என்பது இவர்கள் வாதம். இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லலாம். மூன்றாம் ஆண்டு கிடைத்ததால்தான் 79 பகுதிகள் சேர்ந்தன. அடுத்து நடந்ததற்கு அந்த எண்ணிக்கை பெரிதும் உதவியது.

நின்ற பின் நடந்தது

பழைய பகுதிகளை ஆங்காங்கே உள்ள உள்ளூர் நிலையங்கள் குறைந்த விலைக்கு வாங்கி மறு ஒளிபரப்புச் செய்யலாயின. நாள்தோறும் ஒரு பகுதி வீதம் ஒளிபரப்ப ஒரு தொடருக்குப் போதிய பகுதிகள் இருக்க வேண்டும். சில நிலையங்கள் மாலை 6 மணி அளவில், மற்ற நிலையங்கள் செய்தி வாசிக்கும் நேரத்தில், இதை ஒளிபரப்பின. பள்ளி, கல்லூரி முடிந்து வீடு திரும்பிய மாணவர்கள் பெட்டிமுன் அமர்ந்தனர். வெள்ளி இரவு பத்து மணிக்குக் கிடைக்காத நேயர்கள் மாலை ஆறு மணிக்குக் கிடைத்தனர்! 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டினர். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டனர்.

1976இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு வேறொரு பெயர் வைக்கத் திட்டமிட்டிருந்தனர். ரசிகர்கள் மீண்டும் பேனாவை எடுத்தனர். குவிந்த கடிதங்களின் விளைவாக, அதிபர் ஃபோர்டின் ஒப்புதலோடு அதற்கு ‘எண்டர்பிரைஸ்’ என்று பெயரிடப்பட்டது. சோதனைப் பறத்தல்களுக்கு மட்டுமே பயன்பட்ட அந்த ஓடம் விண்வெளிக்குச் சென்றதில்லை என்பது ஒரு சிறு சோகம். 1979இல் ஸ்டார் டிரெக் திரைப்படமாக வந்தது. 1987இல் புதிய தொடர் தொடங்கியது. அந்த மரம் இன்றும் கிளைத்துக்கொண்டிருக்கிறது.

எண்ணும் முறையிலும் மாற்றம் வந்தது. எத்தனை பேர் என்பதோடு, எந்த வயதினர், எந்த வருவாயினர் என்றும் 1970களில் நிறுவனங்கள் கூர்ந்து நோக்கத் தொடங்கின. அதன் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். 1971இல் சி.பி.எஸ். நிறுவனம், நேயர்கள் ஏராளமாக இருந்தும், அவர்கள் முதியோராகவும் கிராமத்தாராகவும் இருக்கின்றனர் என்று கருதிக் கிராமியப் பாங்கான பல நிகழ்ச்சிகளை நிறுத்தியது. முன்னர் நேயர் குறைவு என்று ஒரு தொடர் நின்றது. இப்போது நேயர் தகுதியானவர் அல்லர் என்று பல நின்றன. விளம்பரதாரரின் தராசில் பல்லாயிரம் பாட்டிமார்களுக்கு எடையில்லாமற் போயிற்று. இது முன்னதைவிட நேர்மையான முறை என்று யார் சொல்வார்கள்?

எதை நம்புவது?

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கடிதங்களை மட்டும் நம்பலாமா? கூடாது. கடிதம் எழுதுபவர் தாமே முன்வந்து எழுதுகிறார். எழுதாதவர் என்ன நினைக்கிறார் என்பது அதில் தெரியாது. பானையைக் கிளறாமல், தானே மேலே வந்து நிற்கும் பருக்கையைப் பார்ப்பதற்கு ஒப்பானது அது. உரக்கப் பேசுவோரே ஊர் என்று எண்ணிவிடும் ஆபத்து இதில் உண்டு.

அப்படியானால் எண்ணை மட்டும் நம்பலாமா? அதுவும் கூடாது. நீல்சன் கருவி, பெட்டி திறந்திருந்ததா என்பதைச் சொன்னது. மனம் திறந்திருந்ததா என்பதைச் சொல்லவில்லை. வேறு வேலையில்லாமல் பெட்டிமுன் தூங்கிக்கொண்டிருந்தவரும், அத்தொடரைக் கண்டு விண்வெளி வீரராக வேண்டும் என்று கனவு கண்ட சிறுமியும் அக்கருவிக்கு ஒன்றே. சோறு வெந்ததா என்பதை ஒரு பருக்கை சொல்லும். யாருக்குப் பசி என்பதை அது சொல்லாது.

எண் அளப்பது பரப்பை. எழுத்து காட்டுவது ஆழத்தை. ஆற்றைக் கடக்க விரும்புபவன் அகலத்தை மட்டுமோ ஆழத்தை மட்டுமோ தெரிந்துகொண்டால் போதாது. என்.பி.சி. நிறுவனம் 1968இல் எழுத்துக்குச் செவி சாய்த்தது. ஆனால் அது என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. எங்களுக்கு இத்தொடர் வேண்டும் என்று எழுதியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள் என்பதை உணர்ந்திருந்தால், அவர்கள் பார்க்க முடியாத நேரத்தில் அதைத் தள்ளியிருப்பார்களா? கடிதங்களை எண்ணினார்களே தவிர, அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. எழுத்தையும் வெறும் எண்ணாக ஆக்கியதே அங்கு நேர்ந்த பிழை என்பது என் கருத்து.

தொடக்கத்தில் நான் எண்ணின் பக்கம் நின்றேன் என்று சொன்னேன். இப்போதும் அப்பக்கத்தை விட்டு வந்துவிடவில்லை. ஆனால், ஓர் அட்டவணையைப் பார்க்கும்போது அதன் கட்டங்களுக்குள் அடங்காத மனிதர் யார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. புள்ளியியல் பயில்வோருக்கு இப்பழக்கம் பாடத்தின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மாணவத் தோழர்களே! ‘நாம் ஒருவர் எழுதி என்ன ஆகப்போகிறது’ என்று சொல்லிப் பேனாவை மூடி வைப்பது எளிது. அன்று கடிதம் எழுதியவர்கள் தொடரைக் காப்பாற்றவில்லை என்பது உண்மையே. அவர்களுக்குக் கிடைத்தது மேலும் ஓராண்டு மட்டும். அதுவும் நலிந்த ஓராண்டு. ஆனால், அந்த ஓராண்டு இல்லையேல் மாலை ஆறு மணி மறு ஒளிபரப்பு அத்தனை எளிதாக அமைந்திராது. அதைக் கண்டு வளர்ந்த தலைமுறையும் உருவாகியிராது. எழுதியவர்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று, அது கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது. நல்லதெனக் கண்டதை நல்லதென்று, உரியவருக்கு, நம் சொந்தச் சொற்களில், பண்போடு எழுதி அனுப்புவது நம் கடமை. அதன் பலன் எந்த ஆண்டில், யார் வீட்டில் விளையும் என்பதை எந்தக் கருவியாலும் எண்ணிச் சொல்ல இயலாது.